வெள்ளைச் சீருடைக்குப் பின்னால் ஒரு வீடு

வைத்தியசாலை என்றதும் எங்களுக்கு நோயாளிதான் நினைவுக்கு வருவார். கிளினிக் கொப்பியோடு வரிசையில் நிற்பவர், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளிநோயாளர் பிரிவில் காத்திருப்பவர், வாட்டில் கட்டில் கிடைக்காமல் வாங்கில் உட்கார்ந்திருப்பவர் என்று பலரைக் கண்டிருக்கிறோம். ஆனால் வைத்தியசாலை ஒரு வேலைத்தளமும் ஆகும். வைத்தியர்கள், தாதியர்கள், மருத்துவமாதுகள், மருந்தாளர்கள், ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்கள், எழுதுவினைஞர்கள், சாரதிகள், சமையலறை ஊழியர்கள், சுத்திகரிப்புத் தொழிலாளர்கள், சிற்றூழியர்கள் எனப் பலர் அங்கே உழைக்கின்றனர். இவர்களில் ஒரு பிரிவினர் ஒருநாள் வேலைக்கு வராவிட்டாலும் மற்ற எல்லோருடைய வேலையும் தடைப்பட்டுப் போகும்.

இவர்கள் தமது தொழிலில் திருப்தியோடு இருக்கிறார்களா? ஒரே வாட்டில், ஒரே சம்பளத்தில், ஒரே பொறுப்பாளரின் கீழ் வேலை செய்யும் இருவரில் ஒருவர் நிறைவோடும் மற்றவர் சலிப்போடும் இருப்பது ஏன்? இந்தக் கேள்விக்கு வைத்தியசாலைக்குள் மாத்திரம் விடை தேடினால் பாதி விடைதான் கிடைக்கும். மீதிப் பாதி, அவர்கள் ஒவ்வொரு நாளும் புறப்பட்டு வரும் வீட்டில் இருக்கிறது. இதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொழில் திருப்தி என்றால் என்ன?

ஒருவர் தாம் செய்யும் தொழிலைப் பற்றிக் கொண்டிருக்கும் மனநிறைவையே தொழில் திருப்தி என்கிறோம். அமெரிக்க ஆய்வாளர் ரொபர்ட் ஹொப்பொக் 1935 ஆம் ஆண்டில் இதே பெயரில் ஒரு நூலை வெளியிட்டார். அன்றிலிருந்து இது பல்லாயிரம் ஆய்வுகளுக்குப் பொருளாகியிருக்கிறது.

வர்த்தகப் பிரிவில் படிக்கும் எங்களுக்கு பிரெட்ரிக் ஹேர்ஸ்பேர்க் என்ற பெயர் பழக்கமானது. அவரும் அவருடைய குழுவினரும் பிற்ஸ்பேர்க் நகரில் சுமார் 200 பொறியியலாளர்களையும் கணக்காளர்களையும் பேட்டி கண்டு, 1959 இல் தமது முடிவை வெளியிட்டனர். சம்பளம், மேற்பார்வை, வேலைச் சூழல் போன்றவை குறைந்தால் அதிருப்தி பிறக்கும். ஆனால் அவை நிறைவாக இருப்பதால் மட்டும் திருப்தி பிறந்துவிடாது. சாதித்த உணர்வு, பாராட்டு, பொறுப்பு, முன்னேற்றம் ஆகியவையே திருப்தியைத் தருகின்றன என்பது அவர்களின் கருத்து. முதல் வகைக்கு அவர் வைத்த பெயர் 'சுகாதாரக் காரணிகள்'. சுத்தமான தண்ணீர் நோய் வராமல் தடுக்கும். ஆனால் அதுவே உடலுக்குப் பலம் தந்துவிடாது அல்லவா? அதைப் போன்றதே இதுவும்.

திருப்தியை ஒரே கேள்வியால் அளக்க முடியாது என்பதும் ஆய்வாளர்கள் கண்ட உண்மை. 1969 இல் பற்ரீசியா ஸ்மித் என்பவரும் அவருடைய சகாக்கள் இருவரும் உருவாக்கிய அளவுகோல் ஐந்து விடயங்களைத் தனித்தனியாகக் கேட்கிறது: வேலையின் தன்மை, சம்பளம், பதவி உயர்வு, மேற்பார்வை, சக ஊழியர்கள். ஒன்றில் நூறு புள்ளி கொடுப்பவர் இன்னொன்றில் பத்துப் புள்ளி கொடுக்கலாம்.

எங்கள் ஊரில் இந்தப் பிரிப்பு இன்னும் அவசியமானது. யாரிடமாவது "வேலை எப்படி? திருப்தியா?" என்று கேட்டுப் பாருங்கள். "அல்ஹம்துலில்லாஹ்" என்றுதான் பதில் வரும். அந்த வார்த்தை இறைவனுக்குச் செலுத்தும் நன்றி. கடமை நேர அட்டவணைக்கு வழங்கும் புள்ளி அல்ல. நன்றியுணர்வோடு வாழ்பவருக்கும் கால் வலிக்கும், தூக்கம் குறையும், அநீதி உறுத்தும். ஆகவே அடுத்த கேள்வியையும் கேட்க வேண்டும்.

நான் கேட்டவை

எனக்குத் தெரிந்த சிலரிடம் அந்த அடுத்த கேள்விகளைக் கேட்டேன். இது ஆய்வு அல்ல. எங்கள் குடும்பத்திலும் அயலிலும் உள்ள நால்வரோடு பேசிய பேச்சு மட்டுமே.

முதலாமவர் என் சாச்சி. இருபது வருடங்களுக்கு மேலாகத் தாதியாக இருக்கிறார். எங்கள் அரச வைத்தியசாலைகளில் பொதுவாகக் காலை ஏழு முதல் பகல் ஒரு மணி வரை, ஒரு மணி முதல் இரவு ஏழு வரை, இரவு ஏழு முதல் மறுநாள் காலை ஏழு வரை என்று கடமை நேரம் பிரிக்கப்படுகிறது. இரவுக் கடமை என்றால் தொடர்ந்து பன்னிரண்டு மணித்தியாலம். அவருக்கு மூன்று பிள்ளைகள். "வேலை பாரம்தான் புள்ள. ஆனா வீட்ட நெனச்சிப் பயந்துகொண்டு நான் வாட்டுல நிண்டதில்ல" என்றார். காரணம், உம்மம்மா அதே வீட்டில் இருந்தார். சாச்சா இரவில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுப் படுக்க வைப்பார். அதை அவர் ஒரு நாளும் உதவி என்று சொன்னதில்லை. தன் வேலை என்றே செய்தார்.

இரண்டாமவர் என் ராத்தாவோடு படித்தவரின் மூத்த சகோதரி. அவரும் தாதிதான். பஸ்ஸில் ஐந்து மணித்தியாலப் பயணத் தூரத்தில், சிங்கள மொழி பேசும் ஒரு பிரதேசத்தில் நியமனம். இரண்டு வயதுப் பிள்ளை தாயிடம் வளர்கிறது. வேலையும் சக ஊழியர்களும் நல்லம் என்கிறார். "ஆனா என்ட புள்ள என்ன வீடியோவுலதான் காணுது" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினார். சாச்சிக்கும் இவருக்கும் சீருடை ஒன்று, பயிற்சி ஒன்று, வேலையும் ஏறக்குறைய ஒன்று. வேறுபட்டது வீடு.

மூன்றாமவரும் நான்காமவரும் எங்கள் அயல் வீட்டு வாப்பாவும் மகனும். இருவரும் வைத்தியசாலைச் சிற்றூழியர்கள். நோயாளிகளைத் தள்ளுவண்டியில் கொண்டு செல்வது, இரத்த மாதிரிகளை ஆய்வுகூடத்துக்கு எடுத்துச் செல்வது, வாட்டைச் சுத்தமாக வைத்திருப்பது இவர்களது வேலை. மாமா இளம் வயதில் வயலில் கூலிக்கு வேலை செய்தவர். மழை பெய்தால் உழைப்பு இல்லை. இன்று மாதச் சம்பளமும் பின்னர் ஓய்வூதியமும் உண்டு. ஐந்து விடயங்களையும் ஒவ்வொன்றாகக் கேட்டேன். சம்பளத்தைத் தவிர எல்லாவற்றுக்கும் முழுப் புள்ளி கொடுத்தார். அவருடைய மகன் உயர்தரம் சித்தியடைந்தவர். பல்கலைக்கழக அனுமதிக்குச் சிறிது புள்ளி குறைந்ததால் இந்த வேலைக்கு வந்தார். அவர் கொடுத்த புள்ளிகளை எழுதவே எனக்கு மனம் வரவில்லை. வாப்பாவுக்கு இந்த வேலை ஏறி வந்த படி. மகனுக்கு அது இறங்கி வந்த படி. படி ஒன்றுதான்.

பின்னணி எப்படி வேலை செய்கிறது?

இந்தச் சிறு உரையாடல்களில் கண்டதைப் பெரிய ஆய்வுகளும் கண்டிருக்கின்றன. வயதை எடுத்துக்கொள்வோம். பிரித்தானியாவில் 5000 இற்கு மேற்பட்ட ஊழியர்களின் தகவல்களைக் கொண்டு கிளார்க், ஒஸ்வால்ட், வார் ஆகியோர் 1996 இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வேலைக்குச் சேரும் இளம் வயதில் திருப்தி ஓரளவு உயர்ந்திருக்கிறது; பின்னர் சரிகிறது; நடுவயதைக் கடக்கையில் மீண்டும் ஏறுகிறது. வரைபில் இது கிண்ணத்தின் வடிவம். புதிதாக வருபவருக்கு ஆர்வம் இருக்கிறது. அனுபவசாலிக்குத் தொழில் கைவந்துவிட்டது. எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதும் தெரிந்துவிட்டது. இடையில் இருப்பவர்களுக்கோ சிறு பிள்ளைகள், கடன், வீடு கட்டும் வேலை, வயதான பெற்றோர் என எல்லாப் பாரமும் ஒன்றாக வந்து சேர்கின்றன.

அடுத்தது கல்வி. கிளார்க்கும் ஒஸ்வால்டும் அதே 1996 இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு, வருமானம் சமமாக இருக்கும்போது கூடுதலாகப் படித்தவர்களின் திருப்தி குறைவாக இருப்பதைக் காட்டியது. தன்னைப் போன்றவர்கள் எவ்வளவு உழைக்கிறார்கள் என்று ஒப்பிட்டே மனிதன் தன் சம்பளத்தை எடை போடுகிறான் என்பதும் அதன் முடிவு. அயல் வீட்டு வாப்பாவையும் மகனையும் நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். படிப்பு மனிதனைத் திருப்தியற்றவன் ஆக்குகிறது என்று இதற்குப் பொருள் அல்ல. அது எதிர்பார்ப்பை உயர்த்துகிறது. வேலை அந்த உயரத்துக்கு வராதபோது இடைவெளி வலிக்கிறது.

மூன்றாவது, ஆண் பெண் வேறுபாடு. உலக சுகாதார ஸ்தாபனம் 2020 இல் வெளியிட்ட அறிக்கையின்படி அப்போது உலகில் ஏறத்தாழ 2 கோடி 80 இலட்சம் தாதியர் இருந்தனர். அவர்களில் பத்துப் பேருக்கு ஒன்பது பேர் பெண்களாக இருந்தனர். எனவே தாதியரின் திருப்தியைப் பற்றிப் பேசுவது பெரும்பாலும் பெண்களின் வாழ்க்கையைப் பற்றிப் பேசுவதே. அமெரிக்க சமூகவியலாளர் ஆர்லி ஹொக்ஷீல்ட் 1989 இல் எழுதிய நூலொன்றில், தொழில் செய்யும் பெண் வேலை முடிந்து வீடு வந்ததும் இரண்டாவது வேலைமுறை ஒன்றைத் தொடங்குகிறாள் என்றார். இரவுக் கடமை முடிந்து காலை ஏழு மணிக்கு வெளியேறும் தாதி நேரே நித்திரைக்குச் செல்கிறாரா, குசினிக்குச் செல்கிறாரா என்பதை வைத்தியசாலை தீர்மானிப்பதில்லை.

இவற்றோடு எங்கள் நாட்டுக்கே உரிய சில விடயங்களும் சேர்கின்றன. நியமனம் எங்கே கிடைக்கிறது, இடமாற்றம் எப்போது வரும், அந்த வைத்தியசாலையில் பேசப்படும் மொழி தனக்குச் சரளமாக வருமா, இரவில் கடமை முடிந்தால் வீடு வர வாகனம் உண்டா என்பன ஒருவரின் திருப்தியைச் சம்பளப் பட்டியலை விடக் கூடுதலாகத் தீர்மானிக்கலாம். நோயாளியின் வலியை அவருடைய மொழியில் கேட்டு விளங்க முடியாத தாதிக்கு, தன் வேலையை நன்றாகச் செய்தோம் என்ற நிறைவு எளிதில் வராது.

திருப்தி என்றால் எல்லாம் சரி என்பதா?

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. பிரித்தானியப் பெண்கள் ஆண்களை விடக் குறைந்த சம்பளமும் குறைந்த வாய்ப்பும் பெற்றிருந்தும், ஆண்களை விடத் தொழில் திருப்தி கூடியவர்களாகத் தெரிவது ஏன் என்று அன்ட்ரூ கிளார்க் 1997 இல் ஆராய்ந்தார். அவர் கண்ட விளக்கம், பெண்கள் குறைவாக எதிர்பார்த்தார்கள் என்பதே. இளம் வயதினரிடமும் உயர்கல்வி பெற்றவர்களிடமும் இந்த வேறுபாடு காணப்படவில்லை.

இதை வாசித்தபோது எனக்கு உம்மம்மாவின் தலைமுறை நினைவுக்கு வந்தது. வேலைக்குப் போக அனுமதி கிடைத்ததே பெரிது என்று எண்ணிய பெண்ணிடம், ஓய்வறை இருக்கிறதா, விடுமுறை கிடைக்கிறதா என்று கேட்டால் என்ன சொல்வார்? "எல்லாம் நல்லம்" என்பார். அந்த "நல்லம்" உண்மைதான். ஆனால் அது வேலைத்தளம் நல்லது என்பதற்குச் சான்று அல்ல. ஊழியர்கள் முறையிடவில்லை என்பதை வைத்து அவர்களுக்குக் குறை இல்லை என்று முடிவு செய்யும் நிர்வாகமும், மனைவி முகம் சுளிக்கவில்லை என்பதை வைத்து அவளுக்குக் களைப்பு இல்லை என்று முடிவு செய்யும் குடும்பமும் ஒரே தவறைத்தான் செய்கின்றன.

நோயாளிக்கு இதில் என்ன பங்கு?

ஊழியரின் மனநிறைவு அவருடைய சொந்த விடயம், எங்களுக்கு மருந்து கிடைத்தால் போதும் என்று சிலர் நினைக்கலாம். 2002 ஆம் ஆண்டில் லின்டா ஐக்கன் என்னும் தாதியியல் பேராசிரியையும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல பதில். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 வைத்தியசாலைகளையும் 10,184 தாதியரையும் அவர்கள் ஆராய்ந்தனர். ஒரு தாதி கவனிக்க வேண்டிய நோயாளர் எண்ணிக்கையில் ஒருவர் கூடும்போது, தாதிக்குத் தொழிற்சோர்வு ஏற்படும் வாய்ப்பு 23 சதவீதத்தாலும் தொழில் அதிருப்தி ஏற்படும் வாய்ப்பு 15 சதவீதத்தாலும் கூடியிருந்தது. சத்திரசிகிச்சை பெற்ற நோயாளர் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பும் 7 சதவீதத்தால் கூடியிருந்தது. தாதியின் களைப்பும் நோயாளியின் ஆபத்தும் ஒன்றாகவே உயர்கின்றன.

தொழிற்சோர்வு என்பது வெறும் அசதி அல்ல. கிறிஸ்ரினா மஸ்லாக், சூசன் ஜாக்சன் ஆகியோர் 1981 இல் அதற்கு மூன்று அடையாளங்கள் கூறினர்: உணர்வு வற்றிப்போதல், எதிரே இருப்பவரை மனிதராகக் கருதாமல் ஒரு வேலையாகக் கருதத் தொடங்குதல், தான் எதையும் சாதிக்கவில்லை என்ற எண்ணம். "அந்த நாலாம் கட்டில்" என்று ஒரு நோயாளியைக் குறிப்பிடும் குரலில் இரண்டாவது அடையாளம் ஒளிந்திருக்கலாம். எங்களோடு கடிந்து பேசிய ஊழியரை நாம் திட்டுவதற்கு முன், அவர் எத்தனையாவது மணித்தியாலத்தில் நிற்கிறார் என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். கடிந்து பேசுவது சரியென்று சொல்லவில்லை. அதன் வேரைத் தெரிந்துகொண்டால்தான் திருத்த முடியும்.

2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியைத் தொடர்ந்து எமது நாட்டிலிருந்து வைத்தியர்களும் தாதியரும் பெருமளவில் வெளிநாடு சென்றனர். சென்றவர்களின் வேலை மறையவில்லை. அது எஞ்சி நின்றவர்களின் தோளில் ஏறியது.

ஊழியரின் கையில் இருப்பது

எல்லாவற்றையும் பின்னணியே தீர்மானித்துவிடுமா? இல்லை. அமெரிக்க வைத்தியசாலை ஒன்றின் சுத்திகரிப்புத் தொழிலாளர்களோடு பேசிய ஏமி ரெஸ்னியெவ்ஸ்கி, ஜேன் டட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் வியப்பான ஒன்றைக் கண்டனர். ஒரு பிரிவினர் தம் வேலை துடைப்பதும் கூட்டுவதும் என்றனர். மற்றப் பிரிவினர் அதே வேலையைச் செய்துகொண்டே, நோயாளி குணமடைவதில் தமக்கும் பங்குண்டு என்றனர். நினைவிழந்த நோயாளிகளின் பகுதியில் வேலை செய்த ஒருவர், சுவரிலிருந்த படங்களை இடைக்கிடை மாற்றி வைப்பாராம். ஏதாவது ஒரு மாற்றம் அவர்களின் மூளையைத் தொடலாம் என்பது அவருடைய எண்ணம். அதை யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை.

எங்கள் அயல் வீட்டு மாமாவும் தள்ளுவண்டியைத் தள்ளும்போது நோயாளியோடு ஊர்க் கதை பேசுவார். "சத்திரசிகிச்சைக்குப் போற மனிசன் வழியில பயந்துபோகக் கூடாது" என்பார். அது அவருடைய கடமைப் பட்டியலில் இல்லை. ஆனால் அவருடைய திருப்தியின் ஒரு பகுதி அங்கேதான் இருக்கிறது.

எங்கள் வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள்

உயிரியல் பிரிவில் படித்த என் ராத்தாவுக்குத் தாதியர் பயிற்சிக்கு வாய்ப்புக் கிடைத்திருக்கிறது. மூன்று வருடப் பயிற்சி; அதன்பின் எங்கே நியமனம் என்பது தெரியாது. வாப்பா இரவுக் கடமையைப் பற்றிக் கவலைப்படுகிறார். உம்மாவின் கவலை தூரம். வரப்போகும் மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்களோ என்பது எல்லோருடைய கவலை. நான் இதை எழுதும்வரை முடிவு எடுக்கப்படவில்லை. இந்த வருடம் இதே பேச்சு நடக்கும் வீடுகள் எங்கள் கல்லூரியில் பல இருக்கும்.

எங்கள் பெண்கள் நோயுற்றால் பெண் வைத்தியர் வேண்டும், பெண் தாதி வேண்டும் என்று கேட்கிறோம். பிரசவ அறையில் ஒரு முஸ்லிம் தாதியைக் கண்டால் நிம்மதி அடைகிறோம். அந்தத் தாதியும் யாரோ ஒரு வாப்பாவின் மகள்தான். நபி (ஸல்) அவர்களின் காலத்தில் ருபைதா அல் அஸ்லமிய்யா (ரழி) அவர்களின் கூடாரம் பள்ளிவாசலிலேயே அமைக்கப்பட்டிருந்தது. அகழ் யுத்தத்தில் காயமுற்ற ஸஃத் இப்னு முஆத் (ரழி) அவர்கள் அங்கேதான் வைத்துப் பராமரிக்கப்பட்டார்கள். இந்தச் சேவை எங்களுக்கு அந்நியமானது அல்ல.

பெற்றோரின் கவலைகள் பொய்யானவை என்று நான் சொல்லமாட்டேன். இரவும் தூரமும் உண்மையானவை. ஆனால் "போகட்டுமா, வேண்டாமா" என்ற ஒரே கேள்வியோடு நின்றுவிடாமல் இன்னும் சிலவற்றைக் கேட்கலாம். இரவுக் கடமை நாளில் அவளை யார் கூட்டி வருவது? பகலில் அவள் நித்திரை கொள்ளும் அறையின் கதவை யாரும் தட்டாமல் யார் பார்ப்பது? திருமணம் பேசும்போதே கடமை நேரத்தைப் பற்றியும் பேசுவோமா? சிங்களம் கற்க இப்போதே வகுப்புக்கு அனுப்புவோமா? இவற்றுக்கு விடை உள்ள வீட்டிலிருந்து செல்லும் பெண்ணுக்கு வாட்டின் பாரம் அதே பாரம்தான். ஆனால் அதைச் சுமக்கும் தோள்கள் கூட இருக்கும்.

மாணவிகளாகிய நாங்களும் தொழிலைத் தெரிவு செய்யுமுன் அதன் பெயரையும் சம்பளத்தையும் மட்டும் விசாரிக்காமல், அதைச் செய்பவர் ஒருவரிடம் ஒரு நாளின் இருபத்துநான்கு மணித்தியாலத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்வோம். அவர் "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொன்ன பிறகு, கொஞ்சம் பொறுத்திருந்து அடுத்த கேள்வியையும் கேட்போம்.